புவனம் ரீச்சர் வைத்த இரண்டாவது கிளாஸ்

சனிக்கிழமை காலை சந்தையில், கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து எருமைத் தயிர் கொண்டுவருபவரிடம் ஒரு சட்டி வாங்கி, சைக்கிள் கூடையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. புவனம் ரீச்சரின் மகன் கோகுலன்.

"சேர், தயிர் வாங்கிற்றீங்களா?"

"ஓம் மனே, வாங்கிற்றன். இந்தா வாறன்."

"வேணாம் சேர்," என்றான். "அம்மா விடிய ஒழும்பல்ல."

நான் கைபேசியைப் பிடித்தபடியே நின்றிருக்கிறேன். தயிர்க்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சேர், சட்டி வெடிச்சிரிக்கா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். எங்கள் ஊர் பெரியகல்லாறு வரை எப்படிச் சைக்கிள் ஓட்டினேன் என்று தெரியாது. பிற்பகல் எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போக சைக்கிளை எடுத்தபோதுதான், அந்தத் தயிர்ச் சட்டி கூடையில் அப்படியே வெயிலில் இருந்ததைக் கண்டேன்.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் ஒன்று போடுகிறோம், சேர்தான் எழுத வேண்டும் என்று அவரிடம் படித்த பிள்ளைகள் கேட்டு வந்தார்கள். பிள்ளைகள் என்று சொல்கிறேன், அவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. ஒரு மாதிரியும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். 'அன்னார் இவ்வூரிலே பிறந்து' என்று தொடங்கி 'அன்னாரின் பிரிவால் துயருறும்' என்று முடிகிற மாதிரி. புவனம் என்று நாங்கள் கூப்பிடும் புவனேஸ்வரி ரீச்சர் இருந்திருந்தால் 'அன்னார்' என்று கண்ட இடமெல்லாம் சிவப்பு மையால் வெட்டி, "ஆருகா அது?" என்று ஓரத்தில் எழுதியிருப்பார். ஆகவே அந்த மாதிரியை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். இன்னொன்றும் கேட்டார்கள். ரீச்சரின் பழத் தயிர்ப் பானத்தின் செய்முறையையும் மலரில் போட வேண்டுமாம். அதைத் தட்டவில்லை. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல என்னால் முடியாது.

அவர் மனையியல் படிப்பித்தார், நான் கணிதம் படிப்பித்தேன். ஒரே பாடசாலையில், ஒரே ஆசிரியர் அறையில், எதிரெதிர் மேசைகளில் இருபத்தாறு வருடம் இருந்தோம். அந்த இருபத்தாறில் ஒரு முழுப் பாடசாலைத் தவணை, மூன்று மாதத்துக்கு மேல், அவர் என்னோடு பேசவில்லை. அதற்கான காரணத்தையும் இங்கே எழுதத்தான் போகிறேன்.

ஆடி ஆவணியில் கச்சான் காற்று எங்கள் ஊரை எப்படி வறுக்கும் என்று வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். கண் எரியும், உதடு வெடிக்கும், பிள்ளைகள் மேசையில் தலையை வைத்துவிடும். அந்த மாதங்களில் இரண்டாம் இடைவேளைக்கு மனையியல் அறையில் பிளெண்டர் உறுமும். நாங்கள் சோக்கட்டியைப் போட்டுவிட்டுக் கிளாஸோடு போய் நிற்போம். ஒரு நாள் நான் கொப்பியும் பேனையுமாகப் போய், அளவு சொல்லுங்கள் என்றேன். சிரித்துவிட்டார்.

"அளவு பழத்தில இரிக்கு சேர், கரண்டியில இல்ல. முதல்ல பழத்த மணந்து பாருங்க."

ஆனாலும் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டேன். நல்லாகப் பழுத்த பப்பாசியில் பாதி. அன்னாசியில் இரண்டு வட்டம், நடுத்தண்டை எடுத்துவிட்டு. மாம்பழக் காலமென்றால் ஒரு மாம்பழம். சட்டித் தயிரில் மேலே படிந்த ஏட்டோடு நாலு அகப்பை. தண்ணீர் ஒரு துளியும் கூடாது, இறுக்கமாயிருந்தால் இளநீர் விட வேண்டும். ஒரு கிள்ளு உப்பு, அரைத் தேசிக்காய்ப் புளி, சீனி அவரவர் விருப்பம். ஐஸ் கட்டிக்குப் பதிலாக நாவற்பழம். உன்னிச்சைப் பக்கமிருந்து பெண்கள் நாவற்பழம் கொண்டுவரும் காலத்தில் ரீச்சர் கூடையோடு வாங்கி, கொட்டை நீக்கி, பிசைந்து, ஐஸ் தட்டில் உறைய வைத்துவிடுவார். வருடம் முழுவதும் அவரது பிரிஜ்ஜில் ஊதாக் கட்டிகள் இருக்கும். ஒரு கிளாஸுக்கு இரண்டு கட்டி. கடைசியாகப் போடுவது அன்னாசி. போட்டு அடித்ததும் குடித்துவிட வேண்டும். இதுதான் முக்கியம், இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண்.

ஏனென்றால் அன்னாசியும் பப்பாசியும் தயிரோடு சேர்ந்து நின்றால் கசப்பேறிக் கைத்துவிடும். இறைச்சியை இளக்கப் பப்பாசிக்காய் போடுவோமல்லவா, அதே வேலையை அது தயிரிலும் காட்டும் என்று ரீச்சர் பாடம் எடுப்பார். அப்போதிருந்த பாடசாலை அதிபர் இதை நம்பவில்லை. மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வந்த நாளில், பதினொரு மணிக்கு வருபவருக்கு ஏழரை மணிக்கே அடித்துப் பிரிஜ்ஜில் வைக்கச் சொன்னார். கைக்கும் சேர் என்று ரீச்சர் சொன்னார். பிரிஜ்ஜில் வைத்தால் எப்படிக் கைக்கும் என்று அதிபர் கேட்டார். "சரி, வைக்கிறன்," என்று ரீச்சர் வைத்தார். அதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டு, இது மூலிகைப் பானமா என்று மரியாதையாகக் கேட்டார். அதிபர் விழித்தார். ரீச்சர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதை நினைத்து நாங்கள் வருடக்கணக்காகச் சிரித்தோம்.

சுனாமி வந்த அந்த மார்கழி ஞாயிறு காலையில் நான் மீன் வாங்க ஆற்றங்கரைப் பக்கம் போயிருந்தேன். கடற்பக்கம் இருந்த எங்கள் வீட்டில் என் மனைவி மலர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் இருந்தது. மலரை அடுத்த நாள் கண்டுபிடித்தார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வராது.

ஊருக்கு உள்ளே ஒரு பாடசாலையில் எங்களைத் தங்கவைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் வரை நான் எதுவும் சாப்பிடவில்லை. சோற்றுப் பார்சல்கள் வந்தன, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தேன். அன்று பிற்பகல் ரீச்சர் வந்தார். அவரது வீடு ஆற்றுப் பக்கம் என்பதால் சுவர் நனைந்ததோடு தப்பியிருந்தது. கணவரை அவர் சில வருடங்களுக்கு முன்பே நோய்க்குக் கொடுத்தவர், பதினோராம் வகுப்பு முடித்திருந்த கோகுலன் ஒருவன்தான் அவருக்கு. அவன் பத்திரமாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த சம்படத்தின் மூடியைத் திறந்தார். உள்ளே அந்த ஊதாப் பானம். மின்சாரம் இல்லாமல் பிரிஜ்ஜில் இருந்த நாவற் கட்டிகள் உருகியிருந்தன. பப்பாசி மரம் ஒன்று விழுந்தாலும் பழம் நல்லதாக இருந்திருக்கிறது. தயிர் எங்கே தேடினாரோ, எல்லாவற்றையும் மத்தால் கடைந்திருக்கிறார்.

"குடிங்க சேர்."

"வையுங்க ரீச்சர். புறகு குடிக்கிறன்."

"புறகு எண்டு ஒண்டு இதுக்கு இல்ல. உங்களுக்குத் தெரியும்தானே. நிண்டாக் கைச்சிரும்."

எனக்குக் கோபம் வந்தது. மலர் போய் மூன்று நாள், இந்தப் பெண் பழத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்று வந்த கோபம். என்னைத் தனியே விடுங்கள் என்று சத்தம் போட்டேன். அவர் அசையவில்லை. சம்படத்தை என் மடியில் வைத்துவிட்டு எனக்கு முன்னால் சிமெந்துத் தரையில் இருந்துவிட்டார்.

"ஏசுங்க. ஏசிற்றுக் குடிங்க. கைக்க முந்திக் குடிங்க."

குடித்தேன். பாதியில் அழுகை வந்து, யாரோ தந்த வெள்ளைச் சட்டையெல்லாம் ஊற்றிக்கொண்டேன். ரீச்சர் சம்படத்தைப் பிடித்துக்கொண்டார், துடைக்க வரவில்லை. மூன்று நாட்களில் என் வயிற்றுக்குள் போன முதல் உணவு அது. நான் இன்று இருந்து இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு எனக்கு ஒரு சிறு வீடு கிடைத்தது, ரீச்சரின் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி. தனியாக இருக்கிற மனிதன் பின்னேரம் நாலு மணிக்கு வீட்டில் இருக்கக்கூடாது என்பது ரீச்சரின் கட்டளை. போவேன். கோகுலன் ரியூசன் முடிந்து நாலு மணிக்கு வருவான். மூன்று கிளாஸ் அடிப்பார், ஒன்றில் சீனி இருக்காது, அது அவருடையது. அவன் சைக்கிளைச் சுவரில் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் அன்னாசியைப் போடுவார். அவ்வளவு நேரக் கச்சிதம்.

சுனாமிக்குப் பிறகு மூன்றாம் வருடம், உயர்தரப் பரீட்சைக்குச் சில மாதம் இருக்கையில், ரியூசனுக்குப் போன கோகுலன் நாலு மணிக்கு வரவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எத்தனை வீடுகளில் இப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அவன் எப்படிப் போனான், யார் கொண்டுபோனார்கள் என்பதை ரீச்சர் ஒருவரிடமும் பேசவில்லை, நானும் எழுதப் போவதில்லை. அவனது அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு அவர் ஏறாத வாசல் இல்லை. பல வாசல்களுக்கு நானும் கூடப் போனேன். நாலைந்து மாதம் கழித்து, கோகுலன் வன்னியில் இருக்கிறான், உயிரோடு இருக்கிறான் என்று வாய்வழியாக ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

ஒரு நாள் நான் நாலு மணிக்குப் போக முடியாமல், பரீட்சைத் தாள் திருத்திவிட்டு ஆறு மணிக்குப் போனேன். ரீச்சர் கிணற்றடியில் இருந்தார். மேசையில் ஒரு கிளாஸ் நிறைய, ஒரு தட்டால் மூடியபடி இருந்தது. எனக்குத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்து எடுத்து ஒரு வாய் இழுத்தேன். வேப்பெண்ணெய் மாதிரி இருந்தது. துப்பாத குறை.

"என்ன ரீச்சர் இது, மனையியல விட்டுட்டு வைத்தியம் தொடங்கிற்றீங்களா?" என்று பகிடி விட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். என் கையிலிருந்த கிளாஸை வாங்கினார். ஒரே மூச்சில், முகத்தைக் கூடச் சுளிக்காமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தார். அப்புறம்தான் பேசினார்.

"அது உங்கட இல்ல சேர். அவன்ட."

செய்தி வந்த நாளிலிருந்து தினமும் நாலு மணிக்கு அவனுக்கும் ஒரு கிளாஸ் அடித்து, என் கண்ணில் படாமல் வைக்கிறாராம். ஆறு மணி வரை பார்ப்பாராம். பிள்ளைக்கு வைத்ததை ஊற்றக்கூடாதாம், ஊற்றினால் அவன் வரமாட்டான் என்று ஒப்புக்கொண்ட மாதிரியாம். ஆகவே அவரே குடித்துவிடுகிறாராம். கைத்தது கைத்தபடி.

"அன்னாசி போடாம வையுங்களன்," என்றேன். கணித மூளை அப்படித்தான் போகும்.

"அவனுக்கு அன்னாசி போட்டாத்தான் விருப்பம்," என்றார்.

சண்டையெல்லாம் வடக்கே ஒதுங்கிப் போய், அந்த வைகாசியில் யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்னது. அந்த நாட்களில் ரீச்சர் பாடசாலைக்கு வந்தார், படிப்பித்தார், போனார். பிள்ளைகளைக் கண்டுபிடித்தவர்கள் இருந்தார்கள். முகாம்களில் பெயர்ப் பட்டியல் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தவர்கள் அதிகம். கோகுலனின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. மாதங்கள் போயின. ரீச்சர் மெலிந்துகொண்டே போனார். ஆறு மணிக் கிளாஸ் அவரது வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும். ஆசிரியர் அறையில் எல்லோரும் கூடி, அவருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். யார் சொல்வது என்று வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

போனேன். நாலு மணி. ரீச்சர் இரண்டாவது கிளாஸைத் தட்டால் மூடிக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், நான் ஒண்டு சொல்லுவன், கோபிக்கப்படாது. இனி அந்தக் கிளாஸ வைக்காதீங்க."

அவர் தட்டைச் சரியாக வைத்தார். திரும்பினார். குரல் உயரவே இல்லை.

"நீங்க கணக்கு சேர். நான் மனையியல். இந்த வீட்டில எத்தின பேருக்கு ஊத்துற எண்டு எனக்குத் தெரியும்."

அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. ஆசிரியர் அறையில் தன் மேசையை இழுத்து, எனக்கு முதுகு தெரிகிற மாதிரிப் போட்டுக்கொண்டார். ஒரு முழுத் தவணை அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மூன்று நாள் பட்டினி கிடந்த என்னை விட்டுவிட்டுப் போகாமல் தரையில் இருந்த மனுஷி. அவரை நான்தான், அவரது வீட்டுக்குள் வைத்தே, விட்டுவிடச் சொன்னேன். நல்ல எண்ணத்தில் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்டு. அது உதவவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. கோழையாக இருந்தேன், அவ்வளவுதான்.

அடுத்த தவணை தொடங்கி ஒரு வாரம் இருக்கும். நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்தபோது என் கொப்பிகளின் மேல் ஒரு கடிதத்தை யாரோ வைத்தார்கள். நிமிர்ந்தேன், ரீச்சர். கடித உறையில் இருந்த எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்து. ஏழாம் இலக்கத்தை ஒன்று மாதிரி எழுதாதே என்று நான் ஏழு வருடம் கத்தியும் திருந்தாத எழுத்து. புனர்வாழ்வு முகாம் ஒன்றிலிருந்து வந்திருந்தது. உள்ளே நாலு வரிதான். சுகம், அம்மா சுகமா, காலில் காயம் ஆறிவிட்டது, விடும்போது வருவேன்.

"சேர்," என்றார் ரீச்சர். "உங்கட கணக்குப் பிழைச்சிற்று."

"ஓம் ரீச்சர்," என்றேன். "பிழைச்சிற்று."

வாழ்க்கையில் ஒரு கணக்குப் பிழைத்ததற்காக நான் அழுதது அன்று மட்டும்தான். ரீச்சர் மேசையைப் பழையபடி என் பக்கம் திருப்பிப் போட்டார். அதற்கு அதிபரே வந்து ஒரு கை பிடித்தார்.

கோகுலனை விட்டது இன்னும் ஒரு வருடம் கழித்து. அவன் வந்த பின்னேரம் நான் அங்கே இருந்தேன். மெலிந்து, ஒரு காலைச் சற்று இழுத்து நடந்து வந்தான். ரீச்சர் கட்டிப்பிடிக்கவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. "இரி மனே, இந்தா ஒரு நிமிசம்," என்று சொல்லி ஓடிப்போய்ப் பழத்தை வெட்டினார், தயிரை அள்ளினார், நாவற் கட்டிகளைப் போட்டார், பிளெண்டரை முடுக்கினார்.

அது உறுமிய அந்த நொடியில் கோகுலன் கதிரையிலிருந்து பாய்ந்து மேசைக்கு அடியில் போய்விட்டான். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, முகம் தரையில் படக் கிடந்தான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ரீச்சர் வயரைப் பிடித்து இழுத்ததில் பிளக்கோடு சுவர்ப் பெட்டியும் கழன்று வந்தது. அவர் போய் மேசைக்கு அடியில் அவனுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். அவன் மூச்சு அடங்கும் வரை அப்படியே கிடந்தார். பிறகு எழும்பி வந்து, அரைகுறையாக அடிபட்டதைச் சட்டியில் ஊற்றி, மத்தை எடுத்துக் கடைந்து, அவன் வாயில் வைத்தார்.

"கைக்க முந்திக் குடி மனே."

அவன் குடித்தான். அந்த வீட்டில் பிளெண்டர் ஓடியது அதுவே கடைசி. அடுத்த நாள் அதை ஒரு சாக்கில் சுற்றிப் பாடசாலை மனையியல் அறைக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு தினமும் மத்துத்தான். கடைசிக் காலத்தில் மணிக்கட்டு வீங்கி, துணி சுற்றிக்கொண்டு கடைந்தார். பார்ப்பவர்கள், மனையியல் ரீச்சர் வீட்டில் ஒரு பிளெண்டர் இல்லையா என்று கேட்டால், "கரண்டுக்கு ஆர் காசு கட்டுற?" என்று சொல்லிச் சிரிப்பார். அவரைக் கஞ்சப் பிசினாரி என்று பேசியவர்களும் இந்த நினைவு மலரை வாசிப்பீர்கள். காரணம் இதுதான்.

ஒருமுறை அவன் இல்லாத நேரம் என்னிடம் சொன்னார். "அந்த ரெண்டாவது கிளாஸ்ட கதைய அவனுக்குச் சொல்லிராதீங்க சேர். அவன் சுமக்கிறது காணும்." சரி என்றேன். கோகுலன் வீட்டோடு ஒரு சிறு சைக்கிள் திருத்தும் கடை போட்டான். மெல்ல மெல்லச் சிரிக்கப் பழகினான். வளவைச் சுற்றிப் பப்பாசி நட்டான். சனிக்கிழமை தயிர் என் பொறுப்பு என்று ஆனது. இப்படிப் பதின்மூன்று வருடத்துக்கு மேல் போனது. நான் வாக்கைக் காப்பாற்றினேன், எட்டாம் நாள் வரைக்கும்.

எட்டாம் நாள் படையலுக்கு ரீச்சருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்தார்கள். நீத்துப்பெட்டிப் பிட்டு, மீன் சொதி, முருங்கைக்காய்க் கறி. பிரிஜ்ஜில் இந்த வருடத்து நாவற் கட்டிகள் இரண்டு தட்டு இருந்தன. கோகுலன் தானே பழம் வெட்டி, தானே மத்தால் கடைந்து, ஒரு கிளாஸ் நிறைய எடுத்து வந்து இலையின் தலைப்பில் வைத்தான். நான் எட்டிப் பார்த்தேன். அன்னாசியும் போட்டிருந்தான். படைத்துவிட்டு, செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் முற்றத்தில் இருந்தோம். சொந்தக்காரர் ஒருவர் தூரத்திலிருந்து வரும்வரை பார்த்ததில் இரண்டு மணி நேரம் போய்விட்டது. கதவைத் திறக்கும்போது ஆறு மணி.

படையலைப் பங்கிட்டார்கள். ரீச்சரின் தங்கை சரசு, கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்ன மனே இது, தயிர் பழுதா? வாயில வைக்கேலாமக் கைக்குது. ஊத்திற்று வாறன்." வாழையடிக்குப் போகத் திரும்பினாள்.

"ஊத்தாத சரசு," என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இனி மறைக்க முடியாது. சொன்னேன். செய்தி வந்த நாளிலிருந்து கடிதம் வந்த நாள் வரை, அதற்குப் பிறகு அவன் வந்து சேர்ந்த நாள் வரை, ஒரு நாள் தவறாமல் நாலு மணிக்கு அவனுக்கு ஒரு கிளாஸ் வைத்ததைச் சொன்னேன். ஆறு மணிக்கு அதை ஊற்றாமல் குடித்ததைச் சொன்னேன். வைக்காதீர்கள் என்று நான் சொன்னதையும், அவர் என்ன பதில் சொன்னார் என்பதையும் சொன்னேன்.

கோகுலன் சின்னம்மாவிடம் போய்க் கிளாஸை வாங்கினான். நின்றபடியே குடித்தான். தாயைப் போலவே, முகம் சுளிக்காமல், கடைசிச் சொட்டு வரை. பிறகு கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"நான் வந்த நாளில இருந்து அம்மா எனக்கு ஒரு நாளும் கைக்க விடல்ல, சேர்."

அப்போதுதான் அவன் அழுதான். சாவீட்டிலும் சுடலையிலும் அழாதவன். சரசு அவனைப் பிடித்துக்கொண்டாள். நான் முற்றத்துக்கு வந்துவிட்டேன்.

ரீச்சர், உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். இப்போது ஊருக்கே அச்சடித்துக் கொடுக்கிறேன். ஏசுங்கள். இந்த முறையும் முதுகைத் திருப்பிக்கொள்ளுங்கள், நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கென்று எதை வைத்திருக்கிறேன் என்று கேட்டால், பொருளாக ஒன்றுமில்லை. மத்து கோகுலனிடம் இருக்கிறது, அங்கேதான் இருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் இப்போதும் தயிர் வாங்கிக்கொண்டு போகிறேன். எட்டுக்குப் பிறகு வந்த முதல் சனிக்கிழமை, கோகுலன் கடைந்து முடித்து இரண்டு கிளாஸில் ஊற்றினான். சட்டியில் இன்னும் ஒரு கிளாஸுக்கு மீதி இருந்தது. அகப்பையோடு நின்றான்.

"சேர், அம்மாக்கு ஒண்டு வைப்பமா?"

நான் கணித ஆசிரியன். யார் வருவார், யார் வரமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"வை மனே," என்றேன்.

தட்டால் மூடி வைத்தான். நாங்கள் இருவரும் எங்களுடையதை உடனே குடித்தோம். ஆறு மணி வரை இருந்து கதைத்தோம். பிறகு அந்தக் கிளாஸை நான் எடுத்துக் குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.